நூர்தீன் பாய் ஏற்றுக்கொண்ட பொய்

புதன்கிழமை காலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் ஏழுமலை பேசினார். "மேடம், நம்ம பாய் எறந்துட்டாரு. நெஞ்சு வலின்னு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். ஒன்பது மணிக்கு வூட்டுக்கு எடுத்துகினு வராங்க." அதற்கு நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகணுமே?" என்றேன். ஏழுமலை, "அத்த அப்பால பாத்துக்கலாம் மேடம். நீங்க வாங்க," என்றார். அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு கிளம்பினேன்.

நூர்தீன் பாயை உங்களில் பாதிப் பேர் காக்கிச் சட்டையிலும் மீதிப் பேர் கையில் நீள நோட்டோடும் பார்த்திருப்பீர்கள். வேலை நாட்களில் அவர் தீயணைப்பு நிலையத்தில் முன்னணித் தீயணைப்பாளர். விடுப்பு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில், சதுரங்கப்பட்டினத்தில் நாம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் வரலாற்றுக் கழகத்தின் தலைவர். தலைவர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் செயலாளரான என்னை மட்டும் 'செக்ரட்டரியம்மா' என்று தெருவே கேட்கும்படி அழைப்பார். கிண்டலா மரியாதையா என்று பதின்மூன்று வருடத்தில் எனக்கு ஒருமுறையும் பிடிபடவில்லை.

அன்று அவர் வீட்டு வாசலில் நின்ற கூட்டத்தை நீங்களும் பார்த்தீர்கள். மதுராந்தகத்திலிருந்து ஒரு நெல் மண்டிக்காரர் வந்திருந்தார். ஏதோ ஒரு கோடையில் அவருடைய வைக்கோல் போரைப் பாய்தான் அணைத்தாராம். கோவளத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் உள்ளே பெண்களோடு, பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேனிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் தேடியவர் வரவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு போகும்வரை வரவில்லை. அவர் வராததற்குக் காரணம் நான். கோவளத்தில் ஒரு வீட்டில் எட்டு வருடமாகப் பாயின் பெயர் கெட்டுப்போய்க் கிடந்தது. கெடுத்தது நான்தான். கழகத்தின் இதழுக்கு அஞ்சலி எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது நான் உடனே சம்மதித்தது அதைச் சொல்வதற்காகத்தான். அவரைப் புகழ உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நம் கழகம் ஒரு தீ விபத்தில் பிறந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஒரு மீனவர் குப்பத்தில் வரிசையாகக் குடிசைகள் எரிந்து, பாயும் அவருடைய ஆட்களும் போய் அணைத்தார்கள். எல்லாம் முடிந்து குழாய்களைச் சுருட்டும்போது, ஒருவர் தன் வீடு இருந்த இடத்தில் சாம்பலுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டாராம்: "சார், என் வூடு இங்கதான் இருந்துச்சுன்னு எத்தக் காட்டி சொல்லுவேன்?" பட்டா, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருந்து ஒன்றாக எரிந்துவிட்டன. "உயிர்ச்சேதம் இல்லன்னு ரிப்போர்ட் எழுதிட்டு வந்துட்டேன். கையெழுத்தும் போட்டேன். ஆனா அந்தாளு மூஞ்சி கண்ணுலயே நிக்குது," என்று பாய் சொல்வார். அடுத்த விடுப்பு நாளில் ஒரு நீள நோட்டை வாங்கிக்கொண்டு, இன்னும் எரியாத வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். கழகம் என்ற பெயரெல்லாம் பின்னால் நாம் வைத்தது.

நான் தென்காசிக்காரி. கணவருக்கு அணு ஆராய்ச்சிப் பணி கிடைத்து, பக்கத்தில் ஊழியர்களுக்குக் கட்டிய நகரியத்தில் குடியேறியவள். கல்லூரியில் வரலாறு படித்தவள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரில் வரலாற்றுக் கழகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, டச்சுக் கோட்டையைப் பற்றி ஆராயப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டு போனேன். பாய் கோட்டையின் நிழலில் உட்கார்ந்து யாருடைய பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழையோ நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கோட்டையைப் பற்றி எதுவும் செய்யவில்லையா என்று கேட்டேன். "கோட்டைக்கு ஆள் கீறாங்க மேடம். டெல்லிலேர்ந்து வந்து பாத்துப்பாங்க. அதோ, அந்த வூட்டுக்கு யார் கீறா?" என்று எதிரே இருந்த ஓலை வீட்டைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த வாரமும் போனேன்.

அவர் எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்த வீட்டுக் காகிதமும் அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுத வேண்டும், எழுதியதை வீட்டுக்காரர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், காகிதத்தை அவர்கள் கையில் கொடுத்து, பெட்டிக்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இதனால் ஒரு நாளைக்கு இரண்டு வீடுகளுக்கு மேல் முடிக்க முடியாது. கழகத்தின் அறையில் எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் என்ன என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டேன். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சா எல்லாம் ஒரே நாள்ல போயிடும் செக்ரட்டரியம்மா. நான் எவ்ளோ பாத்துகீறேன்," என்பார். புகைப்படங்களை எழுத முடியாதே என்றால், "ஸ்டுடியோக்காரரை வூட்டுக்கு இட்டுகினு வாங்க. படத்தை வெளிய எடுத்தாராதீங்க," என்பார். செங்கல்பட்டிலிருந்து ஸ்டுடியோக்காரரைக் கிளப்பி அழைத்துவருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவர் முதலில் பெட்டியைப் பார்க்கமாட்டார், அடுப்பைப் பார்ப்பார். மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஓலை எவ்வளவு தாழ்வாக இறங்கியிருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மாமல்லபுரத்தில் ஒரு வீட்டில், சிற்பக் கூடத்து ஆள் ஒருவருடைய மனைவி காபி போட உள்ளே போனவர், மண்ணெண்ணெய் டப்பாவைக் காணாமல் அலறிவிட்டார். பாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் வைத்திருந்தார். "சரித்திரம் எழுத வந்தீங்களா, திருட வந்தீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்க, பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த வீட்டில் அன்று எங்களுக்குச் சாப்பாடே போட்டார்கள்.

ஆண்டு விழா ஒன்றில் அவர் வரவேற்புரை பேசிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் மேடையில் உட்கார்ந்திருந்தார். பாதி வாக்கியத்தில் நிலையத்தின் மணி கேட்டது. அன்று பாய்க்கு விடுப்புதான். ஆனாலும் மைக்கை என் கையில் திணித்துவிட்டு, மேடையிலிருந்து குதித்து ஓடினார். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சட்டையெல்லாம் கரியோடு திரும்பி வந்தபோது பேராசிரியர் பேசி முடித்திருந்தார். பாய் மைக்கை வாங்கி, விட்ட வாக்கியத்தின் மிச்சத்தைச் சொல்லிப் பேராசிரியரை வரவேற்றார். கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆனது. என்ன தீ என்று கேட்டேன். யாரோ குப்பை கொளுத்தியதைப் பார்த்துப் பயந்து கூப்பிட்டுவிட்டார்களாம். வீணாக ஓடினீர்களே என்றதற்கு, "மணி அடிச்சா போவணும். போய் ஒண்ணும் இல்லன்னா அங்கயே நாஸ்தா சாப்ட்டு வரணும். அதாங்க நல்ல நாளு," என்றார்.

இனி நான் தள்ளிப்போட்டதற்கு வருகிறேன்.

கழகத்தின் ஐந்தாம் ஆண்டுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தோம். பொறுப்பு என்னுடையது. கோவளத்தில் ஆரோக்கியமேரி என்ற பெண்ணின் வீட்டில் ஒரு புகைப்படம் இருந்தது. அவருடைய கணவர் அந்தோணி கட்டுமரத்தில் ஒரு காலை வைத்து, வெள்ளைச் சட்டையில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். யாரோ சுற்றுலா வந்தவர் எடுத்து அனுப்பிவைத்தது. அந்தோணி கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் இப்படி இருந்தார் என்று காட்ட உலகத்தில் இருந்தது அந்த ஒரு படம்தான். கல்யாணத்தின்போதுகூடப் படம் எடுக்கவில்லையாம். அதைப் பெரிதாக்கி மண்டபத்தின் வாசலில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஸ்டுடியோக்காரர் இன்று, நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு ஒரு வாரமே இருந்தது.

நான் தனியாகப் பேருந்து ஏறிக் கோவளம் போனேன். இரண்டே நாளில் திருப்பித் தருகிறேன் என்று கேட்டேன். ஆரோக்கியமேரிக்கு நம் வழக்கம் தெரியும். "பாய் எத்தயும் வெளிய எடுத்துகினு போவ மாட்டாரே?" என்றார். அப்போது என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. "பாய்தான் வாங்கிட்டு வரச் சொன்னார்," என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. படத்தையும், அந்தோணி கேரளத்துக்குத் தொழிலுக்குப் போனபோது எழுதிய நான்கைந்து கடிதங்களையும் துவைத்த துணி ஒன்றில் சுற்றிக் கொடுத்தார். "பாய் கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

மறுநாள் அதைக் கழகத்தின் அறையில் வைத்தேன். வாசகசாலைக்குப் பின்னால் நாம் வைத்திருந்த கீற்றுக் கொட்டகை உங்களுக்கு நினைவிருக்கும். நம்முடைய நாற்காலிகள், பதாகைகள், கண்காட்சிக்கு வெட்டி ஒட்டிய அட்டைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. பாயின் நோட்டுகள் அங்கே இல்லை. அவற்றை அவர் மூன்று பேர் வீடுகளில் பிரித்து வைத்திருந்தார். மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையிலேயே புகை தெரிந்தது. பக்கத்து டீக்கடை அடுப்பிலிருந்து பறந்த பொறி என்று பிறகு சொன்னார்கள். சித்திரை வெயிலில் காய்ந்த கீற்று. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கூரை முழுவதும் பிடித்திருந்தது. அதற்குப் பின்னால் குடிசைகள் வரிசையாக இருந்தன. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

மணி அடித்துக்கொண்டு வண்டி வந்தது. பாய் குதித்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "உள்ள யாராச்சும் கீறாங்களா?" என்றார். யாரும் இல்லை என்றேன். அவர் குடிசைகளைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "வூட்டுக் காயிதம் எதுனா கீதா உள்ள?" சுற்றிலும் கழகத்து ஆட்கள் நின்றார்கள். அவருடைய ஒரே சட்டத்தை மீறினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இல்லை பாய்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயைக் குடிசைகளின் பக்கம் திருப்பச் சொன்னார். ஒரு குடிசைகூட எரியவில்லை. கொட்டகை இருபது நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியமேரி சதுரங்கப்பட்டினத்துக்கு வந்தார். கண்காட்சி நின்றுபோனது அவருக்குத் தெரியாது. புருஷன் படத்தை மண்டபத்தில் பார்க்கலாம் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் நான்கைந்து பேர் கோட்டை வாசலில் இருந்தோம். அவர் என்னிடம் வரவில்லை. நேராகப் பாயிடம் போனார். "பாய், நீங்க கேட்டீங்கன்னு இந்தம்மா வந்து போட்டோவ வாங்கினு போச்சே. எங்க மாட்டிகீறீங்க?" என்றார். பாய் என் பக்கம் திரும்பினார். ஒரு நிமிடத்துக்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. அவர் ஆரோக்கியமேரியிடம் திரும்பி, "ஆமாக்கா. நான்தான் கேட்டேன். எரிஞ்சு பூட்ச்சுக்கா. என் தப்புதான்," என்றார்.

ஆரோக்கியமேரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊரு நெருப்பெல்லாம் அணைக்கிறீங்க பாய். என் ஒரு படத்தக் காப்பாத்தத் தெரியலியா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். பாய் தலை குனிந்து நின்றார். அவர் தலை குனிந்து நின்று நான் பார்த்தது அன்று மட்டும்தான். நான் அவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஆரோக்கியமேரி தலையிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

எல்லோரும் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வேலை விஷயம் பேசுவது போலத்தான் பேசினார். "உங்க பேரு கெட்டா உங்கள எந்த வூட்லயும் சேக்க மாட்டாங்க. பெட்டியத் தொறக்கிறது பொம்பளைங்க. நீங்க உள்ள போவலன்னா கழகம் படுத்துரும். என்னைச் சேக்காட்டி இன்னா? தீ புடிச்சா காக்கிச் சட்டைக்காரன எவனும் வாசல்ல நிறுத்தமாட்டான்." நான் உண்மையைச் சொல்லியிருந்தால் படத்தை எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "உள்ள போயிருப்பேன். போயிருந்தா இன்னா ஆயிருக்கும்னு எனக்கும் தெரியாது. குடிசைங்க இன்னா ஆயிருக்கும்னும் தெரியாது. அத்த வுட்ருங்க," என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப நீங்களே போய் அந்தக்காகிட்ட சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. எட்டு வருடம் சொல்லவில்லை. கோவளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் யார் எந்த வீட்டுக்கு என்று பிரிக்கும்போது, "அந்த வூட்டுக்கு மட்டும் செக்ரட்டரியம்மா போய்ட்டு வரட்டும்," என்பார். எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் தேவாலயம் வரை போய், கொஞ்ச நேரம் மணலில் நின்றுவிட்டு, வீடு பூட்டியிருந்தது என்று வந்து சொல்வேன். "சரி, அடுத்த தபா பாக்கலாம்," என்பார். ஒருமுறைகூட அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் கோபத்திலாவது போய்ச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்படி அவர் மேல் பழி போடுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை, பாருங்கள்.

அந்த எட்டு வருடமும் அவர் அந்தோணியைத் தேடிக்கொண்டிருந்தார். எந்த வீட்டில் கல்யாண ஆல்பம் கிடைத்தாலும் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். கடைசியில் தேவாலயத் திருவிழாப் படம் ஒன்றில், தேர் இழுக்கும் கூட்டத்தில், அந்தோணி என்று நண்பர்கள் சொன்ன ஓர் ஆளைக் கண்டுபிடித்தார். முதுகும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஏழுமலையையும் கூட்டிக்கொண்டு ஆரோக்கியமேரி வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் நின்றே பார்த்துவிட்டு, "இது அவரு இல்ல," என்று கதவைச் சாத்திக்கொண்டாராம். ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. வரும் வழியெல்லாம் அவர் சத்தம் போட, பாய் மட்டும், "அவங்க புருசன் காது அவங்களுக்குத் தெரியாதா? நாமதான் தப்பாப் புடிச்சிட்டோம்," என்றாராம். இதை ஏழுமலை எனக்குச் சொன்னபோது நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

பாயின் நாற்பதாம் நாள் முடிந்த மறுநாள் நான் கோவளம் போனேன். இந்த முறை வீடு திறந்திருந்தது. உண்மையில் அது எப்போதும் திறந்துதான் இருந்திருக்கும். ஆரோக்கியமேரி வாசலில் சாக்கை விரித்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கேட்கவே இல்லை, நான்தான் அவர் பெயரைச் சொல்லி வாங்கினேன். தீயின்போது உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார், நான்தான் இல்லை என்றேன். உங்களிடம் அவர் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆரோக்கியமேரியின் கை மீன் மேலேயே நின்றுவிட்டது. "பாய் கேக்கலியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அந்த மனுசன் ஏன் எட்டு வருசம் என் வாசல்ல வந்து வந்து நின்னுட்டுப் போனாரு?" என்றார். அவர் அப்படி வந்து நின்றது எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆரோக்கியமேரி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "அவரு செத்த அன்னிக்கு இந்தத் தெருவே வண்டி ஏறிச்சு. என்னியும் வந்து கூப்ட்டாங்க. எனக்கு வேல கீது, நான் வரலன்னுட்டேன். இதே எடத்துல உக்காந்து மீனு காய வெச்சுகினு இருந்தேன். எங்க வூட்டாளு மூஞ்சியத்தான் கடைசியா பாக்கக் குடுத்து வெக்கல. இவரு மூஞ்சியாச்சும் பாத்திருப்பேன். அத்தயும் நீ இல்லாம பண்ணிட்டியேம்மா." அவர் குரல் உயரவே இல்லை. "ஒரு சொம்பு தண்ணி குடுத்தது இல்ல நான் அவருக்கு. இப்ப யார்கிட்ட போய் சொல்லுவேன்?" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ போம்மா," என்றார். நான் வந்துவிட்டேன்.

பாயின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளும்படி அவருடைய மனைவி என்னிடம் சொன்னார். நோட்டுகள் கழகத்துக்கு வந்துவிட்டன. அவருடைய தொப்பியை ஏழுமலை கேட்டார், அது அவருக்குத்தான் சேர வேண்டும். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, அது அந்த வீட்டில் இல்லை. அன்று கோட்டை வாசலில் 'என் தப்புதான்' என்று அவர் சொன்னாரே, அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது எட்டு வருடம் அவரிடம் இருந்துவிட்டது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ளப்போவது அது ஒன்றைத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களில் சிலர் கோவளம் போகிறீர்கள். நான் வரவில்லை, வரும் தகுதியும் எனக்கு இல்லை. அந்தத் தெருவில் யாராவது அந்தோணி படத்தைப் பற்றியோ பாயைப் பற்றியோ பேச்செடுத்தால், தயவுசெய்து மழுப்பாமல் என் பெயரைச் சொல்லுங்கள். கோமதி எடுத்துக்கொண்டு போனாள், கோமதி பொய் சொன்னாள், பாய்க்கு அதில் ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள்.